ஆளில்லாச் சிலை

காலை நடைக்கு என்னுடன் வரும் என் வயதொத்தவர்களே,

சென்ற வாரம் உலு திராமில் நம் தாமான் குடியிருப்புக்குப் பின்னால், பெரிய கால்வாயோரத்து மரத்தடியில், யாரோ ஒரு பீங்கான் சிலையை வைத்துவிட்டுப் போயிருந்ததைக் கண்டோம். நான் குனிந்தேன். "தொடாதீங்கக்கா, ஆளில்லாத சாமி," என்று உங்களில் ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் நிமிர்ந்து உங்களோடு நடந்துவிட்டேன். அதே சொற்களை, எனக்குப் பால்பற்கள் விழத் தொடங்கிய வயதில், காஹாங்குக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் கேட்டிருக்கிறேன். அச்சொற்களால் எங்கள் வீடு பட்ட பாட்டை நடந்துகொண்டே சொல்லி முடிக்க இயலாது. ஆகையால் எழுதுகிறேன்.

அது ஆண்டிறுதி மழைக்காலம். நீங்கள் எல்லாரும் அறிந்த மழைதான். செம்மண் பாதை குழம்பாகிவிடும். வானம் ஓய்ந்த பிறகும் செம்பனை ஓலைகள் தம் பங்குக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். காயாத துணிகளில் அடுப்புப் புகையும் பூஞ்சையும் கலந்த வாடை நிரந்தரமாகக் குடியேறிவிடும். அந்த மழையின் தொடக்கத்தில் அம்மா நிறைவயிற்றோடு குளுவாங் மருத்துவமனைக்குப் போனார். சில நாட்கள் கழித்து வெறுங்கையோடு திரும்பினார்.

குழந்தை உலகைப் பார்க்குமுன்பே இறந்துவிட்டது. அம்மா காய்ச்சலில் நினைவிழந்து கிடந்ததால் அதன் முகத்தை அவர் காணவில்லை. ஆணா பெண்ணா என்றுகூட அவருக்கு ஒருவரும் கூறவில்லை. அதை அப்பாவிடம் ஒப்படைத்தார்கள். அப்பா தனியாக எங்கோ அடக்கம் செய்துவிட்டு வந்தார். எங்கே என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அப்பாவின் அக்காவான என் அத்தை, அம்மாவுக்கு மட்டுமன்றித் தமக்கும் சொல்ல வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

"எடம் தெரிஞ்சா இவ அங்கயே போயி குந்திக்குவா, தம்பி. சொல்லாத. நாலு நாளுல மறந்துருவா," என்றார் அத்தை.

பிள்ளைக்கென்று வாங்கிய பவுடர் டின், வசம்பு, கறுப்பு வளையல் எல்லாவற்றையும் அத்தையே எடுத்து எங்கோ மறைத்தார். உத்தரத்தில் மாட்டிய சுருள்கம்பியில் சாரோங்கைத் தொங்கவிட்டுக் கட்டியிருந்த தொட்டிலையும் அவிழ்த்தார். சுருள்கம்பி மட்டும் துருவேறிக் கொக்கியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனை இழுத்தும் வரவில்லை. காற்று வீசாத நண்பகலிலும் அது தன்னந்தனியே மெல்ல இறங்கி ஏறுவதையும், கிரீச்சென்று முனகுவதையும் நான் கண்டதுண்டு.

"எங்கங்க வச்சீங்க?" என்று அம்மா கேட்பார்.

"சோறு தின்னியா?" என்பார் அப்பா. பிறகு வெளியே போய், தாம் ஓட்டும் செம்பனைக் குலை லாரியின் படியில் அமர்ந்துகொள்வார்.

அம்மாவுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு விடைதான். அது கிடைக்காமற்போகவே அவர் பேச்சை நிறுத்தினார். பின்னர் உணவையும் குறைத்தார்.

தோட்டத்துச் சாலை பெரிய சாலையோடு சேரும் முனையில் ஓர் ஆலமரம் நின்றது. அதை அடுத்து ஒரு சீனர் மளிகைக்கடை. இந்நாட்டில் எவரும் சாமியைக் குப்பையில் எறிவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். வீடு மாறுகிறவர்கள், மதம் மாறுகிறவர்கள், கும்பிட்ட பெரியவர் இறந்த பின் எடுத்து வைத்துக்கொள்ள மனமில்லாத பிள்ளைகள், எல்லாரும் தத்தம் சாமியை அந்த மரத்தடியில் கொண்டுவந்து வைப்பார்கள். சிலர் அதன் முகத்தைச் சிவப்புத் துணியால் மூடுவார்கள். சிலர் வைத்ததும் திரும்பிப் பாராமல் ஓடிவிடுவார்கள்.

வேர்களுக்கு நடுவே ஒரு சபையே கூடியிருந்தது. தும்பிக்கை முறிந்த பிள்ளையார். தொப்பை தெரியச் சிரிக்கும் ஒருவர். தாமரைமேல் நிற்கும் வெள்ளை உடைப் பெண். கண்களைத் தாழ்த்தி, ஒரு கையால் தரையைத் தொட்டபடி அமர்ந்த மெலிந்த பித்தளை உருவம். கண்ணாடிச் சட்டமிட்ட படம் ஒன்றும் இருந்தது: நீல உடம்பு, கோரைப்பல், மண்டையோட்டு மாலை, சுற்றிலும் தீ. குளுவாங் முகாமிலிருந்து ஊர் திரும்பிய கூர்க்கா சிப்பாய் ஒருவர் வைத்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். பிள்ளைகளாகிய நாங்கள் அதை முனி என்று நம்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடப்போம். மழை பல சிலைகளின் கண்மணிகளைக் கழுவிவிட்டிருந்தது. வெறும் வெள்ளை விழிகள் சாலையைப் பார்த்திருந்தன.

ஒருநாள் கருவாடு வாங்க அம்மா என்னை அழைத்துக்கொண்டு போனார். கடையை விட்டு இறங்கியவர் மரத்தடியில் நின்றுவிட்டார். அங்கே ஒரு துறவியின் சிலை புதிதாக வந்திருந்தது. மொட்டைத் தலை, நீண்ட அங்கி, ஒரு கையில் உருண்டை மணிக்கல், மறு கையில் தடி இருந்து உடைந்துபோன துளை. ஒரு கைக்குழந்தையின் உயரம். சாயம் கரைந்து, தோலின் நிறத்துக்கு வந்திருந்தது.

"தங்காச்சி, என்னா பாக்குற?" என்று கடைக்காரச் சீனத்து அம்மா வாசலிலிருந்து குரல் கொடுத்தார். எங்கள் லயத்துப் பெண்களையெல்லாம் அவர் தங்காச்சி என்றுதான் அழைப்பார்.

பல நாட்களுக்குப் பின் அம்மா வாய் திறந்தார். "இது யாருக்கா?"

"அதுவா? தீ சாங். செத்தவங்கள பாத்துக்கிற ஆளு லா. கீழ நரகம் இருக்கு இல்ல? அது காலியாகற வரைக்கும் நா புத்தர் ஆக மாட்டேன், நீங்கல்லாம் முன்னாடி போங்க, நா கடைசில வரேன்னு சொல்லிட்டாரு."

"பெரியவங்கள மட்டுந்தான் பாப்பாரா?"

கடைக்கார அம்மா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். "ஆனாக் கெச்சில் கூட. சின்னப் புள்ள வழி தெரியாம நிக்கும் இல்ல? கையப் புடிச்சி கூட்டிட்டுப் போவாரு." சிலையைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கும் ஒண்ணு அவருகிட்டதான் இருக்கு."

"அப்ப எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும் லா. அவருக்குத் தெரியாம எங்க போவும்?"

மறுநாள் அந்தியில் லயத்துப் பெண்கள் பொதுக் குழாயடியில் வரிசையாக நின்றிருந்தார்கள். தூறல். செம்பனை நிரைகளுக்கிடையே, மங்கிய வெளிச்சத்தில், அம்மா வந்துகொண்டிருந்தார். அவர் தோளில் சாரோங்கில் சுற்றிய ஒரு மூட்டை. அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, மழை படாமல் தம் முந்தானையால் மூடிக்கொண்டு, குழந்தையை உறங்க வைக்கும் தாய் நடப்பதுபோல் அசைந்து அசைந்து நடந்து வந்தார்.

"அலமாக்!" என்றார் ஒரு பெண். அத்தையின் கையிலிருந்த வாளி விழுந்து உருண்டது. எவரும் அதை எடுக்கவில்லை.

லாரி அருகே நின்ற அப்பாவை நான் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் ஊறிய துணிபோல் வெளுத்துவிட்டது. மற்றவர்களின் அச்சம் வேறு, அவருடைய அச்சம் வேறு என்பதை நான் அறிந்துகொள்ளப் பின்னும் சில நாட்கள் ஆயின.

அம்மா எங்களைக் கடந்தபோது சாரோங் மடிப்பு விலகியது. வழவழப்பான, மயிரில்லாத ஒரு தலை தெரிந்தது.

அன்று முதல் அந்தத் துறவி எங்கள் வீட்டில், சுருள்கம்பிக்கு நேர்கீழே அமர்ந்தார். அம்மா வெந்நீரில் துணியை நனைத்து அவரைத் துடைத்தார். ஒரு கிண்ணத்தில் பால் வைத்தார். பிறகு, நண்பர்களே, அம்மா சோறு உண்டார். தலை வாரிக்கொண்டார். என் சட்டைக்குப் பொத்தான் தைத்தார். அம்மா தேறி வருகிறார் என்பதை அந்த வீட்டில் எவரும் காணவில்லை. எல்லாருடைய கண்ணும் சிலைமேல் இருந்தது.

அதைப் பார்க்கக் காரணமும் இருந்தது. விடியற்காலையில் சிலையின் உடம்பு வியர்த்திருக்கும். அமர்ந்த இடத்தில், பச்சைப்பிள்ளை நனைத்ததுபோல, சிறு ஈரம் பரவியிருக்கும். சுட்ட களிமண் மழைக்காலத்தில் நீர் கோத்துக் கசியும் என்று இன்று என்னால் சொல்ல முடியும். ஆனால் ஒரு நண்பகலில் அம்மா பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தார். நான் மட்டும் உள்ளே இருந்தேன். சாரோங்கால் போர்த்தப்பட்ட அந்த உருவத்திலிருந்து ஒரு விக்கல் கேட்டது. சிறியது, ஈரமானது. சற்று நேரம் கழித்து இன்னொன்று. பல்லி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல்லி எவ்விதமெல்லாம் ஒலிக்கும் என்பதைத் தோட்டத்துப் பிள்ளை அறியாதா? அது பல்லி அன்று.

லயத்தார் எங்கள் வாசலைத் தவிர்த்துப் பின்வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினர். அத்தை மட்டும் நிலைப்படியில் நின்று சண்டையிட்டார்.

"ஆளில்லாத செலைடி அது! சாமி எறங்கிப் போன வூடு. காலி வூட்டுல எது வந்து குந்தியிருக்குன்னு யாரு கண்டா?"

"புள்ளைய பாத்துக்கிறவரு, அண்ணி."

"மொதல்ல உசுரோட இருக்கிற புள்ளைய நீ பாரு! அது பயந்து போயி நகத்தக் கடிச்சுக்கிட்டு நிக்குது."

அப்பா சண்டையிடவில்லை. தோட்ட அலுவலகத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணியைத் தேடிப் போனார். அவர் இலங்கைச் சிங்களவர்; யாழ்ப்பாணத்தாரோடு பழகித் தமிழ் கற்றவர். புத்தர் பிறந்த வெசாக் நாளில் வெள்ளை உடுத்தி விளக்கேற்றுவார். புத்த சாமி கும்பிடுகிறவருக்குப் புத்த சாமியைப் பற்றித் தெரிந்திருக்கும் என்பது அப்பாவின் நியாயம். கிராணி கறுப்புக் குடையோடு வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சிலையை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இது எங்கட புத்தர் இல்லை," என்றார்.

"அப்ப யாருங்கையா?" என்று கேட்டார் அப்பா.

"எனக்குத் தெரியாது. எங்கட வழியில இப்படி ஒருத்தர் இல்லை. புத்தர் ஒரு மனுசன். பிறந்தா நோய் வரும், மூப்பு வரும், சாவு வரும், எல்லாம் துக்கம் எண்டு சொன்னார். துக்கத்துக்கு ஆசைதான் காரணம், அதை அணைக்கலாம், அணைக்க வழி இருக்கு எண்டும் சொன்னார். சொல்லிப்போட்டுப் போய்ச் சேர்ந்தார். ஆரையும் கையில பிடிச்சுக்கொண்டு போக அவர் திரும்பி வாறதில்லை."

அம்மா நிமிர்ந்தார். "அப்ப எம்புள்ள எங்கங்கையா?"

கிராணி அம்மாவின் முன்னே தரையில் குந்தினார். அலுவலகத்தில் அவரை நாற்காலியை விட்டு இறங்கக் கண்டவர் எவரும் இல்லை. "அம்மா, போன உயிர் ஓரிடத்தில நிக்காது. வேற பிறப்பு எடுத்திருக்கும். நீங்கள் அதை நினைச்சு ஒரு நல்ல காரியம் செய்யுங்கோ. பிறகு தண்ணி வார்த்து, அந்தப் புண்ணியம் பிள்ளைக்குப் போய்ச் சேரட்டும் எண்டு சொல்லுங்கோ. எங்கட ஆக்கள் அதைத்தான் செய்வினம்."

அப்பாவின் காதில் முதல் வாக்கியம் மட்டுமே விழுந்திருந்தது.

"கிராணி என்னா சொன்னாரு?" என்று வாசலில் காத்திருந்த அத்தை கேட்டார்.

"புத்தர் இல்லயாம்."

"புத்தர் இல்லன்னா?"

அப்பா லாரியின் பக்கம் நடந்தார்.

"அப்பப் பேய்தான்," என்று அத்தை முடித்தார்.

அந்தப் பிழை எங்கே நிகழ்ந்தது என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் விளங்கிற்று. தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டே, ஓய்வுநாட்களில் ஜொகூர் பாரு நூலகத்தில் தட்டுத்தடுமாறிப் படித்துத் தெரிந்துகொண்டவை இவை. கிராணி கூறிய துக்கமும் அதன் அணைவும் புத்த சமயத்தார் அனைவருக்கும் பொது. ஆனால் அவர்களிடையே பெரிய வழிகள் சில உள்ளன. இலங்கை, சயாம், பர்மா ஆகிய நாட்டவருடையது தேரவாதம், அதாவது மூத்தோர் வழி. புத்தர் காட்டிய நெறியில் அவரவரே முயன்று நடந்து கரையேற வேண்டும் என்பது அதன் அழுத்தம். தரையைத் தொட்ட பித்தளை உருவம் போன்றவற்றை அந்நாட்டுக் கோயில்களில் காணலாம். சீனம், கொரியா, ஜப்பான், வியட்நாம் ஆகிய நாடுகளில் தழைத்தது மகாயானம். கரையேறும் தகுதி பெற்றும் பிறருக்காகக் காத்திருக்கும் போதிசத்துவர்களை அவ்வழியினர் போற்றுகின்றனர். தாமரைமேல் நின்ற வெள்ளை உடைப் பெண் அவர்களில் ஒருவர், கருணையின் வடிவம். சிரிக்கும் தொப்பைக்காரரை இனி வரப்போகும் புத்தரின் உருவாகக் கொள்கின்றனர். எங்கள் வீட்டுத் துறவிக்கு வடமொழியில் க்ஷிதிகர்ப்பர் என்று பெயர். மண்ணைக் கருப்பையாக உடையவர் என்பது பொருள். நேபாளம், திபெத்து, பூட்டான் ஆகிய மலைநாடுகளில் மகாயானத்திலிருந்து கிளைத்தது வச்சிரயானம். மந்திரமும் தியான உருவங்களும் நிறைந்த வழி அது. கூர்க்கா சிப்பாய் விட்டுச்சென்ற கோரைப்பல் படம் பேயன்று. அறியாமையை எரிக்கச் சினந்து நிற்கும் காவல் வடிவம்.

அந்த ஆலமரத்தடியில் ஒரே குடும்பத்தின் கிளைகள் அருகருகே அமர்ந்திருந்தன. கிராணி நேர்மையானவர். தம் கிளையில் இல்லாததை இல்லை என்றார். மதுரைவீரனை அறியாத வடநாட்டார் ஒருவரிடம் அவரைக் காட்டினால் "எங்கள் சாமி இல்லை" என்றுதான் சொல்வார். அதனால் மதுரைவீரன் பேயாகிவிடுவாரா? அப்பாவிடம் இதைக் கேட்க அன்று ஒருவரும் இல்லை. மேலும், நான் படித்த நூல்கள் எவையும் விக்கலைப் பற்றிப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை நண்பகல் கோயில் பூசாரியை வரவழைத்தார்கள். மழை இருட்டு, உள்ளே விளக்கு ஏற்ற வேண்டியிருந்தது. அம்மாவைச் சிலையின் முன் அமர்த்தி, வேப்பிலைக் கொத்தால் தலையைச் சுற்றினார் பூசாரி. உடுக்கை ஒலிக்க ஒலிக்க, சாம்பிராணிப் புகைக்குள் சுருள்கம்பி நடுங்கிற்று. கிண்ணத்துப் பாலில் வட்டங்கள் எழுந்தன.

"யாரு நீ? பேரச் சொல்லு!"

அம்மா தலையைத் தாழ்த்தி இருந்தார். கூந்தல் முகத்தை மறைத்திருந்தது.

"பேரச் சொல்லுன்றேன்ல!"

"பேரு இல்ல."

கூடியிருந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். குரல் மெல்லியதாய், கரகரத்து, தரைமட்டத்திலிருந்து வந்தது.

பூசாரி உடுக்கையை நிறுத்தினார். "பேரு ஏன் இல்ல?"

"யாரும் வைக்கல."

"எங்கேர்ந்து வர்ற?"

"தெரியல. எங்க வச்சாங்கன்னு சொல்லல."

"என்னா வேணும் உனக்கு? கோழியா? சாராயமா?"

"எடம் தெரியணும்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். இறந்த பிள்ளையே வந்து பேசுகிறது என்று அங்கிருந்த ஒவ்வொருவரும் நம்பினர். பல நாள் பேசாதிருந்த தொண்டையின் கரகரப்பு அது, என் தாயின் சொந்தக் குரல்தான் அது என்று இத்தனை ஆண்டுகளாக நான் எண்ணி வருகிறேன். ஆயினும் வளர்ந்த பின் ஒருமுறை அம்மாவிடம் கேட்டபோது அவர் வியப்போடு என்னைப் பார்த்தார். "நா ஒண்ணும் பேசலயே, பாப்பா. பூசாரிகிட்ட யாரு பேசுனாங்கன்னுதான் நானும் தேடுனேன்," என்றார்.

பூசாரி அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. வேப்பிலையை உதறிவிட்டு, "இத எடுத்த எடத்துலயே கொண்டுபோயி வச்சிட்டு, திரும்பிப் பாக்காம வந்துருங்க. பொழுது எறங்கக் கூடாது," என்றார்.

ஒருவரும் முன்வரவில்லை. அப்பா குனிந்து சிலையைச் சாரோங்கோடு எடுத்தார். அதைக் கல்லைத் தூக்குவதுபோல் தூக்கவில்லை. ஒரு கை தலைக்கு அடியில் சென்றது. அந்தக் கை இந்தப் பிடியை முன்பே அறிந்திருந்ததை நான் கண்டேன்.

அவர் மழையில் இறங்கி நடந்தார். அம்மா எழுந்து பின்னால் போனார். என்னைத் தடுக்க அத்தைக்கு நினைவில்லை; நானும் போனேன்.

ஆலமரம் வந்தது. வெள்ளை விழிகள் எங்களைப் பார்த்தன. கடைக்கார அம்மா வாசலில் நின்றார். அப்பா நிற்கவில்லை. மரத்தைக் கடந்து, சாலையைக் கடந்து, எதிர்ப்புறச் செம்பனை நிரைக்குள் நுழைந்தார். வெட்டிய மட்டைகள் அழுகிக் கிடந்த தடத்தில் நடந்து, வெள்ளம் ஏறாத ஒரு மேட்டில், மற்ற மரங்களிலிருந்து எவ்வகையிலும் வேறுபடாத ஒரு செம்பனையின் அடியில் நின்றார்.

"இங்கதான்," என்றார்.

அம்மா அந்த மண்ணைப் பார்த்தார். புல் முளைக்கத் தொடங்கியிருந்தது.

"பஸ்ஸுல மடியில வச்சுத்தான் கொண்டாந்தேன்," என்றார் அப்பா. சிலையின் தலையைச் சாரோங்கால் மூடினார். "பக்கத்துல குந்தியிருந்த ஆளு என்னா பார்சல்னு கேட்டான். துணின்னு சொல்லிட்டேன்." "அன்னிக்கு அந்தியில நீ மூட்டையோட வந்தப்ப, புள்ளையத் தோண்டி எடுத்துட்டியோன்னு பயந்துட்டேன்," என்றவர் மண்ணைப் பார்த்தபடி தொடர்ந்தார்: "பொம்பளப் புள்ள. நெத்தி உன்ன மாதிரி."

அவர் துறவியைச் செம்பனையின் அடியில் இறக்கி வைத்தார். அம்மா முழங்காலிட்டு, பின் முழு உடம்பையும் ஈரமண்ணில் கிடத்தி, பிறந்த பிள்ளையின் காதில் பெயர் சொல்லும் வழக்கப்படி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு நிலத்தில் ஒரு பெயரைச் சொன்னார். மீண்டும் சொன்னார். பிறகு தலையைத் திருப்பித் தம் காதை மண்ணில் வைத்தார்.

மழை நின்றிருந்தது. ஓலைகளும்கூட, என் நினைவில், சொட்டுவதை நிறுத்தியிருந்தன. அம்மா எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. புருவம் சுருங்கி, பின் மெல்ல விரிந்தது.

நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அம்மா எழுந்து உதட்டின்மேல் விரல் வைத்தார்.

"ஸ்ஸ். தூங்கிட்டா," என்றார். "சத்தம் போடாம வாங்க."

அப்பா தம் காலிலிருந்த ரப்பர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.